ஆஸ்பென் மஞ்சளைப் படமாக்க நான்கு நாள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் போன ஆண்டு மாட்டிய படம் ஒன்று இருந்தது. கொலராடோவின் தென்மேற்கில், சான் வான் மலைகளில் எடுத்தது. பின்னால் சிகரம், முன்னால் சரிவு முழுக்க மஞ்சளாகிப்போன ஆஸ்பென் மரங்கள். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மலை நன்றாக இருக்கிறதடி. கீழே என்ன, மஞ்சள் அரைத்துப் பூசியது போல? மரம் என்கிறாய், இலை எங்கே?"

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். அம்மா கேட்டது முற்றிலும் சரி. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் சரிவு முழுவதும் ஒரே பூச்சு. அங்கே நின்றபோது நான் கண்டது அதுவல்ல. ஒவ்வொரு இலையும் தனியாக வெயிலை வாங்கிக்கொண்டு நடுங்கியதைப் பார்த்துத்தான் காரை நிறுத்தினேன். படத்தில் வராமல் போனது அதுதான்.

ஆகவே இந்த ஆண்டு ஒரே வேலை என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு படம், 24க்கு 16 அங்குலம், மஞ்சள் மஞ்சளாகவே இருக்க வேண்டும், இலை இலையாகத் தெரிய வேண்டும்.

பழுது எங்கே

புறப்படும் முன் பழைய படத்தின் ரா கோப்பை (கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு) திறந்து, அச்சுக்குக் கொடுத்த கோப்பையும் பக்கத்தில் வைத்து, ஒளியளவு எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பார்த்தேன். திரையில் நாம் காணும் மஞ்சள், சிவப்பும் பச்சையும் சேர்ந்து பிறப்பது; நீலத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அச்சுக் கோப்பில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டி, உச்ச அளவான 255இல் நின்றது. நீலம் இடது ஓரத்தில் சுழியத்தில் கிடந்தது. பச்சை மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியது. ஓர் இலையை அடுத்த இலையிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த மூன்றின் ஏற்ற இறக்கம்தான். நரம்பும் ஓரத்து நிழலும் அதற்குள்தான் இருக்கின்றன. மூன்றில் இரண்டு ஓரத்தில் முட்டிவிட்டால் நிறம் மிஞ்சும், வடிவம் போய்விடும்.

இதைச் செய்தது கேமரா அல்ல. ரா கோப்பில் சிவப்பு பத்திரமாகவே இருந்தது. இலையுதிர்காலம் என்றால் பொன்னாக மின்ன வேண்டும் என்று நினைத்து, வண்ணச் செறிவை 35 கூட்டியிருந்தேன். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் 'நிழல்' அமைப்புக்கு நகர்த்தியிருந்தேன். அது சிவப்பை ஏற்றி நீலத்தை இறக்கும் அமைப்பு. போதாததற்குக் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற, சாதாரணத் திரைகளுக்கான வண்ண எல்லைக்குள் சுருக்கியிருந்தேன். செறிந்த மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் அந்த எல்லைக்குள் இடம் குறைவு. மூன்றையும் விலக்கியதும் பாதி இலைகள் திரும்பி வந்தன.

மீதிப் பாதி வரவில்லை. ஷட்டர் வேகம் 1/15 நொடி என்று கோப்பு சொன்னது. நிலக்காட்சி என்றாலே எஃப் 16 (லென்ஸின் சிறிய துளை), ஐஎஸ்ஓ 100 (குறைந்த ஒளியுணர்வு) என்று கை பழகியிருந்ததன் விளைவு. பாறைக்கு அது போதும், ஆஸ்பென் இலைக்குப் போதாது. அரச மரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: நமக்குக் காற்றே தெரியாத வேளையிலும் அரச இலை சலசலக்குமே, அப்படி. ஆஸ்பெனின் இலைக்காம்பு உருண்டையாக இல்லாமல், இலைப்பரப்புக்குக் குறுக்கே தட்டையாக இருக்கிறது. அதனால் மெல்லிய காற்றிலும் இலை இருபுறமும் ஆடுகிறது. அதன் அறிவியல் பெயரிலேயே 'நடுங்குவது' என்ற பொருள் இருக்கிறது.

இன்னொரு குறையும் இருந்தது. வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்திருந்தது. எல்லா இலைகளும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தன, நிழல் இல்லை. நிழல் இல்லாத இடத்தில் எந்த மென்பொருளாலும் வடிவத்தை வரவழைக்க முடியாது.

சன்னலோரச் சோதனை

மலைக்குப் போய்ப் பரிசோதிக்க நாள் போதாது என்பதால், தோட்டத்தில் பூத்திருந்த துலுக்கச் செவ்வந்தி ஒன்றைப் பறித்து, காலை வெயில் விழும் சன்னலில் குவளையில் வைத்தேன். முதலில் வெயில் முன்னாலிருந்து படும்படி. பிறகு குவளையைத் திருப்பி, பின்னாலிருந்து படும்படி, பின்புலத்தில் கரும்பச்சைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து ஒளியளவுகள்.

முன் வெயிலில் எடுத்தவற்றில் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பின் வெயிலில் எடுத்தபோது இதழ் விளக்குத் திரை போல உள்ளிருந்து ஒளிர்ந்தது. ஓர் இதழ் இன்னொன்றின் மேல் படிந்த இடமெல்லாம் ஒரு படி அடர்த்தியாகி, விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் 'எல்லாம் சரி' என்று காட்டிய படத்திலேயே, நிறவாரியாகப் பார்த்தால் சிவப்பு முட்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைத்து எடுத்ததில் முட்டவில்லை. அன்றே கேமராவில் நிறவாரி ஹிஸ்டோகிராமை நிலையாகத் தெரியும்படி வைத்தேன். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டினேன். தானியங்கியில் விட்டால் சட்டகம் நிறைய மஞ்சளைக் கண்டு, அதைக் குறைபாடு என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடும்.

செப்டம்பர் 26: பயணமும் முக்காலியும்

டென்வர் பக்கத்திலிருந்து மொனார்க் கணவாய் வழியாகக் கன்னிசன், மான்ட்ரோஸ், பிறகு தெற்கே திரும்பி ரிட்ஜ்வே. ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொனார்க் 11,312 அடி. அங்கே சரிவின் மேல்பகுதி மரங்கள் உதிரத் தொடங்கியிருந்தன, கீழே இன்னும் பச்சை. உயரத்திலிருந்து நிறம் படிப்படியாக இறங்கி வருவதால், ஒரே நாளில் மலையை ஏறி இறங்கினால் பத்து நாள் மாற்றத்தையும் பார்த்துவிடலாம். வழக்கமாகச் செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் தொடக்கமும் இந்த மலைகளுக்கு உச்ச நாட்கள்.

மாலையில் டல்லஸ் டிவைட் மேட்டில் நின்று இடம் பார்த்தேன். தெற்கே ஸ்னெஃபல்ஸ் தொடர் வரிசையாக எழுந்து நிற்கிறது. 14,000 அடியைத் தாண்டிய அந்தத் தலைச் சிகரத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கீழ்ச் சரிவுகளில் கேம்பல் ஓக் புதர்கள் செம்பழுப்பு, அதற்கு மேல் ஆஸ்பென் மஞ்சள், அதற்கும் மேல் ஊசியிலை மரங்களின் கரும்பச்சை. ஒரு தோப்பு முழுக்க எலுமிச்சை மஞ்சளாகவும், ஒட்டியே இருக்கும் இன்னொரு தோப்பு செவ்வாழைத் தோல் நிறத்திலும் இருப்பதைப் பார்க்கலாம். ஆஸ்பென் பெரும்பாலும் வேரிலிருந்தே கிளைத்துப் பரவுகிறது. ஆகவே ஒரு தோப்பு என்பது பல நேரம் ஒரே உயிர், சேர்ந்து நிறம் மாறுகிறது. மஞ்சள், இலைக்குள் கோடை முழுவதும் இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலையுதிர்காலத்தில் புதிதாக உருவாவது.

அங்கே எடுத்த சோதனைப் படங்களில் ஒரு சிக்கல் பிடிபட்டது. அடுத்தடுத்து எடுத்த மூன்றிலும் சட்டகம் ஒவ்வொரு முறையும் நூலளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முக்காலியின் ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் நரநரவென்று சத்தம், பிடிப்பு இல்லை. மண்.

அன்றிரவு விடுதிக் குளியலறையில் அதைப் பிரித்தேன். முறுக்கிப் பூட்டும் வகைக் கால்கள் வைத்திருப்பவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை; ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரிக்க வேண்டும் என்பதுதான் விதி. பூட்டு வளையத்தை முழுவதும் கழற்றினால் கீழ்க்குழாய் உருவிக்கொண்டு வரும். அதன் மேல்முனையில் இரண்டு அரைவட்ட பிளாஸ்டிக் தகடுகள் கவ்வியிருக்கும். உட்பக்கத்தில் சிறு குமிழ், குழாயின் துளைக்குள் அமர்வது. இவை தரையில் தெறித்து ஓடாமல் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே ஓரிடத்தில் பிளந்த பிளாஸ்டிக் உறை ஒன்று; வளையத்தை முறுக்கும்போது இது நெருங்கித்தான் குழாயைப் பிடிக்கிறது. என் முக்காலியில் அந்த உறையின் உட்புறம் முழுக்கக் களிமண் காய்ந்து மாவாக ஒட்டியிருந்தது. சென்ற வசந்தத்தில் ஓடையில் நிறுத்திய பிறகு கழுவாமல் மடித்து வைத்தது நினைவுக்கு வந்தது.

பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். மரைகளுக்குள் இருந்த மண் வெளியேற மூன்று முறை நீர் மாற்றினேன். துடைத்து, விடியும்வரை காயவிட்டு, மரைகளில் மட்டும் விரல்நுனியால் மெல்லியதாக கிரீஸ் தடவினேன். பிளந்த உறையில் கிரீஸ் படவே கூடாது, பிடிக்க வேண்டிய இடம் அது. பூட்டியபின் குழாயில் பென்சில் கோடு போட்டு, முழு எடையையும் கொடுத்துச் சாய்ந்து நின்றேன். கோடு அசையவில்லை.

செப்டம்பர் 27: கைநழுவிய காலை

சூரிய உதயம் ஏழு மணியை ஒட்டி. ஆறரைக்கே டல்லஸ் டிவைட்டில் கூட்டம். வெயில் கிழக்கே, நான் பார்ப்பது தெற்கே. சூரியனுக்குச் செங்கோணத்தில் போலரைசர் வடிகட்டி மிக வலுவாக வேலை செய்யும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, பெருவிரலை விரித்துச் சுழற்றினால் பெருவிரல் காட்டும் திசையெல்லாம் அது வலுவாக வேலை செய்யும் பட்டை. இலையின் மெழுகுப் பரப்பில் படிந்திருக்கும் வெள்ளை மினுக்கத்தை அது நீக்குவதால் மஞ்சள் ஆழமாகத் தெரியும். ஆனால் அகன்ற காட்சி தரும் 24 மி.மீ. லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் இருண்டு திட்டாகத் தெரிந்தது. தொலைவை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸுக்கு மாற்றினேன். சிகரம் பெரிதானது, திட்டு மறைந்தது.

எடுத்த படங்கள் மோசமில்லை. ஆனால் நான் தேடி வந்த படம் அவற்றில் இல்லை. அங்கிருந்து தோப்புகள் தொலைவில். இலையாகத் தெரிய வாய்ப்பில்லை.

ஒன்பது மணிக்குக் கிழக்கு டல்லஸ் ஓடைச் சாலையில் தெற்கே போனேன். தொடக்கத்தில் இருபுறமும் தனியார் பண்ணை. வேலியைத் தாண்டக் கூடாது. தேசியக் காட்டின் எல்லைக்குள் நுழைந்தபின் நடக்கலாம். வேட்டைப் பருவம் என்பதால் ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டேன். ஒரு வளைவில் தென்கிழக்கே திரும்பிப் பார்த்தபோது கால் தானாக நின்றது. சன்னலோரத்துச் செவ்வந்தி அங்கே தோப்பாக நின்றது. பின்னாலிருந்து வெயில், அதற்கும் பின்னால் வடக்கு நோக்கிய சரிவில் இன்னும் வெயில் எட்டாத ஊசியிலைக் காடு, கரும்பச்சைப் போர்வையாக.

முக்காலியை நிறுத்தினேன். போலரைசர் போட்டிருந்ததால் ஷட்டர் வேகம் 1/125க்கு மேல் ஏறவில்லை. கழற்றப் போனால் வரவில்லை. குளிரில் மெல்லிய வளையம் இறுகிக்கொண்டது. விரல்களால் அழுத்த அழுத்த வளையம் நீள்வட்டமாக நெளிந்து இன்னும் இறுகும் என்பது தெரிந்தும், அவசரத்தில் அதையேதான் செய்தேன். பத்து நிமிடம் போயிற்று. பிறகு பள்ளத்தாக்குக் காற்று எழுந்தது. ஒன்பதரைக்கு மேல் தோப்பு முழுவதும் நீர் கொதிப்பது போல நடுங்கியது. அன்றைக்கு எடுத்த 30 படங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை.

மதியம் காரில் அமர்ந்து வளையத்தை விடுவித்தேன். செருப்பின் ரப்பர் அடிப்பாகத்தைத் துடைத்து, வடிகட்டியின் விளிம்பு வட்டம் முழுவதும் சமமாகப் படும்படி லேசாக வைத்துத் திருப்பினேன். எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் விழுந்ததும் உடனே கழன்றது. திருகு மரையில் பென்சில் கரியைத் தேய்த்து வைத்திருந்தால் இந்தக் காலை நேரம் மிஞ்சியிருக்கும். இப்போது தேய்த்து வைத்திருக்கிறேன்.

அன்று மாலை முழுவதும் ஒரு கேள்வி. பின் வெயிலில் போலரைசர் எதற்கு? அது நீக்குவது இலைமேல் பட்டுத் திரும்பும் மினுக்கத்தை. எனக்கு வேண்டியதோ இலையை ஊடுருவி வரும் ஒளி. அதற்கு இது உதவவே இல்லை. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுகொண்டுதான் இருந்தது. இரவு மழை, விடியலில் பனி.

செப்டம்பர் 28: அந்தப் படம்

பனி அதிகமில்லை, புல்நுனி மூடும் அளவு. மேலே சிகரங்கள் வெளுத்திருந்தன. கடும் உறைபனி விழுந்திருந்தால் இலைகள் கருகியிருக்கும், அப்படி நேரவில்லை. பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கே அதே வளைவில் நின்றேன். எங்கோ மரங்களுக்குப் பின்னால் எல்க் மான் ஒன்று நீண்டு உயர்ந்த குரலில் கூவியது. அவற்றின் இணைசேரும் பருவம் இது.

லென்ஸ் 135 மி.மீ.இல். எஃப் 8. முன்வரிசை மரங்கள் ஏறத்தாழ 80 மீட்டர் தொலைவு. அங்கே குவியம் வைத்தால் எஃப் 8இலேயே அதன் பாதித் தொலைவிலிருந்து கண்ணுக்கெட்டிய வரை தெளிவாக வந்துவிடும். எஃப் 16க்குத் தேவையே இல்லை. திரையைப் பெரிதாக்கி, ஒரு வெள்ளைத் தண்டின் கரும் வடுவின் மேல் குவியத்தைக் கையால் சரிசெய்தேன். ஐஎஸ்ஓ 400. வடிகட்டி இல்லை. ஒளியளவு மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைவு. பனித்திட்டுகளும் வெளிறிப் போகாமல் இருக்க அது உதவியது. ஷட்டர் 1/640.

எட்டே முக்காலுக்கு வெயில் முகட்டைத் தாண்டியது. முதலில் உச்சிக் கிளைகள் மட்டும், பிறகு ஒவ்வொரு வரிசையாகக் கீழே. தொப்பியைக் கழற்றி லென்ஸின் மேல் நிழல் விழும்படி பிடித்தேன். சூரியன் சட்டகத்துக்குச் சற்று மேலே இருந்ததால், அந்த நிழல் இல்லாவிட்டால் படம் முழுவதும் வெண்மை பரவியிருக்கும். இலைகளில் தங்கியிருந்த பனி உருகி நுனியில் சொட்டாக நின்றது. காற்றே இல்லை. ஓர் இலை, அதன் மேல் பாதி படிந்த இன்னோர் இலை, படிந்த இடத்தில் தேன் நிறம். காம்பருகே இன்னும் போகாத பச்சை, விளிம்பில் பழுப்பு. திரையைப் பெரிதாக்கியபோது இதெல்லாம் தெரிந்தது. சிவப்புக் கோடு வலது ஓரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. கை நடுங்கியது, குளிரினால் மட்டும் அல்ல.

பதினெட்டு நிமிடங்களில் 42 படங்கள். பிறகு காற்று வந்துவிட்டது.

காருக்குள் ஏறும் முன் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினேன். குளிர்ந்த லென்ஸைச் சூடான காருக்குள் திறந்து வைத்தால் கண்ணாடியில் நீர் படியும். விடுதிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்தேன். மறுநாள் வீடு திரும்பும் பயணம் மட்டுமே.

திரையிலிருந்து தாளுக்கு

42இல் 17ஆவது படத்தைத் தேர்ந்தேன். திருத்தம் மிகக் கொஞ்சம். கோப்பை அகன்ற வண்ண எல்லையிலேயே வைத்தேன். செறிவைத் தொடவில்லை, மஞ்சளை மட்டும் எட்டுப் புள்ளி குறைத்தேன். நம்ப முடியாத ஒன்று அதில் நடந்தது: குறைத்தபோதுதான் மஞ்சள் கூடியது போலத் தெரிந்தது, ஏனென்றால் இலைகளுக்கு நடுவே நிழல்கள் திரும்பி வந்தன. பின்புலக் காட்டை இன்னும் கால் ஸ்டாப் இருட்டாக்கினேன்.

6000 பிக்சல் அகலம், 24 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 250. சுவரில் மாட்டும் படத்துக்கு அது தாராளம். முழுத்தாளை வீணாக்காமல் நடுப்பகுதியை நான்கு அங்குலக் கீற்றாக அச்சிட்டுப் பார்த்தேன். முதல் கீற்று இருண்டு வந்தது. காரணம் தாளில் இல்லை, என் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக வைக்கப்பட்டிருந்தது. திரையின் ஒளியைக் குறைத்துவிட்டுக் கோப்பை மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் ஏற்றினேன். இரண்டாவது கீற்றை மினுக்கமில்லாத பருத்தி மேட் தாளில் எடுத்தேன். தொடுவதற்கு அருமையான தாள், ஆனால் அதில் கருமை ஆழமாக இறங்கவில்லை. பின்புலம் சாம்பலானதும் இலைகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. மூன்றாவது, அரை மினுக்கத் தாள். கரும்பச்சை நன்றாக இறங்கியது. அதன் முன்னால் இலைகள் பிரிந்து நின்றன. அதையே முழு அளவில் எடுத்தேன்.

இடது கீழ் மூலையில் ஒரு கிளை மட்டும் லேசாக அசைந்து மங்கியிருக்கிறது. வெட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். வெட்டினால் தரையில் கிடக்கும் பனித்திட்டு போய்விடுகிறது. விட்டுவிட்டேன். மையின் ஈரம் வெளியேற 24 மணி நேரம் வெள்ளைத் தாளால் மூடி வைத்து, நேற்று மாலைதான் கண்ணாடிச் சட்டத்தில் ஏற்றினேன். பழைய படம் இருந்த அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.